கோத்தகிரியில இருந்துக்கிட்டே காமர்ஸ்ல பிஎச்டி: எதை முதல்ல செய்யணும், எதை அப்புறம் செய்யணும்

போன மாசம் கட்டபெட்டு ஜங்ஷன்ல பஸ்ஸுக்கு நிக்கும்போது ஒரு தம்பி ஓடி வந்து "அக்கா, பிஎச்டிக்கு ஃபீஸ் கட்டிட்டேன், இப்ப கைடு எங்க தேடுறது?"ன்னு கேட்டான். ஃபீஸ் கட்டிட்டு கைடு (ஆராய்ச்சியை வழிநடத்துற பேராசிரியர்) தேடுறது, கைடு கிடைச்சப்புறம் டாபிக் தேடுறது, டாபிக் வாங்கினப்புறம் டேட்டா கிடைக்குமான்னு யோசிக்கிறது, நம்ம மலையில முக்கால்வாசி பேரு இப்படி தலைகீழா தான் போறாங்க. நானும் அப்படித்தான் ஆரம்பிச்சேன், அதுல மட்டும் எனக்கு ஒன்றரை வருஷம் போச்சு. வேலை பாத்துக்கிட்டே, நடுவுல ஒரு குழந்தையும் பெத்துக்கிட்டு, பார்ட் டைம்ல ஏழு வருஷத்துல முடிச்சவ நான். எம்காம், எம்பிஏ முடிச்சுட்டு ஆராய்ச்சி பக்கம் வரணும்னு நினைக்கிற பசங்களுக்கு, எந்த வரிசையில போனா கால்ல முள்ளு குத்தாதுன்னு இதுல எழுதுறேன்.

1. முதல்ல சர்டிபிகேட்டை எல்லாம் மேசை மேல பரப்புங்க

இதை ஏன் முதல்ல சொல்றேன்னா, மத்த எல்லாத்தையும் பின்னாடி சரி பண்ணிக்கலாம், இதை மட்டும் கடைசி நாள்ல சரி பண்ண முடியாது.

பிஜில ஒருத்தருக்கு 55 சதவீதம் வேணும். எஸ்சி, எஸ்டி, நான் கிரீமி லேயர் ஓபிசி, மாற்றுத்திறனாளிகள், ஈடபிள்யூஎஸ் இவங்களுக்கு 5 சதவீதம் தளர்வு உண்டு. 54.7 வச்சுக்கிட்டு "55னு ரவுண்ட் பண்ணிக்குவாங்க"ன்னு வர்றவங்களை நான் பாத்திருக்கேன், அந்த நம்பிக்கையில ஃபீஸ் கட்டாதீங்க. நாலு வருஷ டிகிரி முடிச்சவங்க பிஜி இல்லாமலே நேரா வரலாம், ஆனா 75 சதவீதம் இருக்கணும். இதெல்லாம் யூஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) 2022 நவம்பர்ல கொண்டுவந்த ரூல்ஸ், அதுக்கு முந்தி சேர்ந்த சீனியர் சொல்றதை அப்படியே எடுத்துக்காதீங்க, நிறைய மாறியிருக்கு. அதே ரூல்ஸ்ல எம்ஃபிலையும் நிறுத்தியாச்சு, யாராவது "முதல்ல எம்ஃபில் பண்ணிடு"ன்னு சொன்னா காதுல வாங்காதீங்க.

அடுத்து பேரு. பத்தாவது மார்க் ஷீட்ல இனிஷியல் முன்னாடி, ஆதார்ல பின்னாடி, டிகிரியில அப்பா பேரு முழுசா. நம்ம ஊர்ல ஒருத்தருக்கு மூணு பேரு இருக்கிறது சகஜம். ஆன்லைன் ஃபார்முக்கு இது புரியாது, ஆதாரை பத்தாவது மார்க் ஷீட்டோட ஒத்துப் போற மாதிரி முன்னாடியே மாத்தி வைங்க.

மூணாவது தான் நிறைய பேரு விழுற குழி. உங்க கையில இருக்கிறது தமிழ்நாடு அரசு குடுத்த பிசி சர்டிபிகேட். நெட் (காலேஜ் ஆசிரியர் தகுதிக்கும் ஆராய்ச்சி உதவித்தொகைக்கும் வைக்கிற தேசிய தேர்வு) மாதிரி மத்திய அரசு பரீட்சைக்கு அது போதாது, மத்திய அரசு ஃபார்மட்ல ஓபிசி நான் கிரீமி லேயர் சர்டிபிகேட் தனியா வாங்கணும், அதுக்கு முந்தி உங்க சமூகம் மத்திய லிஸ்ட்ல இருக்கான்னு பாக்கணும். இ-சேவையில போட்டா விஏஓ, ஆர்ஐ, தாசில்தார்னு சுத்தி வர நாளாகும், நடுவுல ஒரு மண்சரிவு வந்து எல்லாரையும் அங்க அனுப்பிட்டா இன்னும் நாளாகும். நோட்டிபிகேஷன் வர்றதுக்கு ரெண்டு மாசம் முந்தியே போட்டு வைங்க.

2. ஃபுல் டைமா பார்ட் டைமான்னு வீட்ல பேசி முடிவு பண்ணுங்க

ஃபெல்லோஷிப் (மாசாமாசம் வர்ற ஆராய்ச்சி உதவித்தொகை) வேணும்னா ஃபுல் டைம் தான், அப்ப வேலையை விடணும். பார்ட் டைம்னா சம்பளம் நிக்காது, ஆனா ஃபெல்லோஷிப்ல ஒரு பைசா வராது. ரெண்டுக்கும் குறைஞ்சது மூணு வருஷம், அதிகபட்சம் ஆறு, அதுக்கு மேல ரீரிஜிஸ்டர் பண்ணி ரெண்டு வருஷம். பெண்களுக்கும் 40 சதவீதத்துக்கு மேல ஊனம் இருக்கிறவங்களுக்கும் இன்னும் ரெண்டு வருஷம், ஆக மொத்தம் பத்தை தாண்டக்கூடாது. பெண்களுக்கு பிரசவத்துக்கும் குழந்தையைப் பாத்துக்கவும் 240 நாள் வரைக்கும் லீவு தனியா இருக்கு. இதை கேட்டு வாங்குங்க, யாரும் கூப்பிட்டு குடுக்க மாட்டாங்க.

பார்ட் டைம்னா வேலை பாக்குற இடத்துல இருந்து என்ஓசி வேணும். "ஆட்சேபணை இல்லை"ன்னு ஒரு வரி எழுதி வாங்கிட்டு வருவாங்க, அது பத்தாது. படிக்க அனுமதி குடுத்திருக்கோம், ஆராய்ச்சிக்கு நேரம் ஒதுக்குற மாதிரி தான் இவரோட வேலை இருக்கு, தேவைப்பட்டா கோர்ஸ் ஒர்க்குக்கு (ஆரம்பத்துல படிச்சு பாஸ் பண்ண வேண்டிய பேப்பருங்க) ரிலீவ் பண்ணுவோம்னு மூணும் அதுல இருக்கணும். ஒரு டீ பேக்டரியில அக்கவுண்ட்ஸ் பாக்குற பையனுக்கு மூணாவது வரியை எழுதிக் குடுக்க ஆபீஸ்ல மாட்டேன்னுட்டாங்க, அதைப் பேசி முடிக்கவே ஒரு அட்மிஷன் போயிடுச்சு. அதான் இப்பவே பேசுங்கன்னு சொல்றேன்.

3. எந்த யுனிவர்சிட்டி: பஸ் எட்டுற தூரத்தை வச்சு யோசிங்க

நீலகிரி ஆர்ட்ஸ் அண்ட் சயின்ஸ் காலேஜுங்க எல்லாம் கோயம்புத்தூர் பாரதியார் பல்கலைக்கழகத்துக்கு கீழ வருது. அதனால ஊட்டி, குன்னூர், கோத்தகிரி பிள்ளைங்களுக்கு இயல்பா அதுதான் முதல் சாய்ஸ். யுனிவர்சிட்டி கேம்பஸ்லயும் சேரலாம், அதோட அங்கீகாரம் வாங்கின காலேஜ் ரிசர்ச் டிபார்ட்மென்ட்லயும் சேரலாம், டிகிரி ஒண்ணுதான். ஆனா எந்த காலேஜ்ல எந்த சப்ஜெக்ட்டுக்கு ரிசர்ச் அங்கீகாரம் இப்ப உயிரோட இருக்குன்னு யுனிவர்சிட்டி லிஸ்ட்ல பாருங்க, காலேஜ் வாசல்ல இருக்கிற போர்டை நம்பாதீங்க.

மேனேஜ்மென்ட்னா அண்ணா பல்கலைக்கழகமும் இருக்கு. பெண்களா இருந்தா கொடைக்கானல்ல 1984ல ஆரம்பிச்ச அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகத்தையும் பாருங்க, குளிர் நமக்கு புதுசில்ல. ஃபுல் டைமா ஸ்டைபண்டோட போக முடியுறவங்க சென்னை ஐஐடி, திருச்சி என்ஐடி மேனேஜ்மென்ட் துறைங்க, திருச்சி ஐஐஎம் இதெல்லாத்தோட நோட்டிபிகேஷனையும் எடுத்துப் படிங்க. நம்ம பிள்ளைங்க அப்ளை கூட பண்றதில்ல, பயந்துக்கிட்டே விட்டுடுறாங்க.

கூடலூர், பந்தலூர் ஆளுங்க கணக்கு வேற. உங்களுக்கு கோயம்புத்தூர் போறதை விட மைசூர் போறது சுலபமா தெரியும், தெரியும்போதே பந்திப்பூர்ல ராத்திரி 9ல இருந்து காலை 6 வரைக்கும் கேட் மூடிடுவாங்கங்கறதையும் சேத்து யோசிங்க. சாயங்காலம் கைடு கூப்பிட்டா அன்னிக்கு ராத்திரி அங்கேயே தங்கல்.

ஆன்லைன்ல பிஎச்டி, தபால்ல பிஎச்டி, ஒரே வருஷத்துல பிஎச்டின்னு போன் வந்தா கட் பண்ணிடுங்க. மூணு வருஷத்துக்கு குறைஞ்சு யூஜிசி ஏத்துக்கிற பிஎச்டி கிடையாது.

எம்காம் முடிச்சவங்க பிஎச்டியும் காமர்ஸ்லயே போடுங்க, எம்பிஏ முடிச்சவங்க மேனேஜ்மென்ட்ல. மாத்திப் போட சில இடத்துல விடுவாங்க, ஆனா பின்னாடி உதவிப் பேராசிரியர் வேலைக்கு போகும்போது பிஜி ஒரு பாடம் பிஎச்டி ஒரு பாடம்னு இருந்தா அதுக்கு விளக்கம் சொல்லியே வாழ்க்கை போயிடும்.

4. கைடுக்கு முந்தி கேள்வி

இங்கதான் நிறைய நேரம் செலவு பண்ணணும், யாரும் பண்றதில்ல. நம்ம பக்கத்து காமர்ஸ் தீசிஸ் தலைப்பு எப்படி இருக்கும்னு உங்களுக்கே தெரியும்: "எ ஸ்டடி ஆன் கஸ்டமர் சாட்டிஸ்ஃபேக்ஷன் டுவர்ட்ஸ்" ஏதோ ஒண்ணு, "வித் ஸ்பெஷல் ரெஃபரன்ஸ் டு நீலகிரி டிஸ்ட்ரிக்ட்". நீலகிரியை எடுத்துட்டு ஈரோடுன்னு போட்டாலும் ஒரு வரி மாறாது. அப்படி மாறலன்னா அது கேள்வியே இல்ல, வெறும் தலைப்பு.

நான் வர்றவங்ககிட்ட மூணு கேள்வி கேப்பேன். இதுக்கான எண்ணு உங்க வாசல்லயே கிடைக்குமா? பதில் சொல்ற ஆளுங்க உங்களை உக்கார வச்சு பேசுவாங்களா? மூணு வருஷம் கழிச்சும் இந்த விஷயம் உயிரோட இருக்குமா?

உதாரணத்துக்கு கொழுந்து விலை. டீ போர்டு மாசாமாசம் பச்சைத் தேயிலைக்கு விலை அறிவிக்குது, குன்னூர்ல வாராவாரம் ஏலம் நடக்குது, விவசாயி கையில பேக்டரி பில்லு இருக்கு. ஆக மூணு இடத்துல எண்ணு தயாரா இருக்கு. இப்ப கேள்வி என்னன்னா, லீஃப் ஏஜென்ட் (விவசாயிகிட்ட கொழுந்து வாங்கி பேக்டரிக்கு கொண்டுபோற இடைத்தரகர்) கிட்ட போடுறவருக்கு அந்த அறிவிச்ச விலையில எவ்வளவு கையில வருது, எத்தனை நாள் கழிச்சு வருது? இது நீலகிரியை விட்டு ஈரோட்டுக்கு போகாது.

இல்லன்னா இண்ட்கோசர்வ் கூட்டுறவு பேக்டரிங்க. அங்க மெம்பரா இருந்துக்கிட்டே கொழுந்தை வெளி பேக்டரிக்கு போடுறாங்களே, விலைக்காகவா, உடனே காசு கிடைக்குதுன்னா, இல்ல வண்டி நேரத்துக்கு வராததாலயா? என் தீசிஸ் இதுக்கு பக்கத்து வீடு தான், இன்னும் நாலு பேரு பண்ற அளவுக்கு இதுல விஷயம் கிடக்கு.

டூரிசம் பக்கம்னா இ-பாஸ், அதாவது வெளியூர் வண்டி மலைக்கு வர ஆன்லைன்ல வாங்குற அனுமதி. ஐகோர்ட் உத்தரவுல 2024 மே 7ல இருந்து ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் வந்துச்சு, அப்புறம் 2025 ஏப்ரல் 1ல இருந்து சீசனுக்கு வண்டி எண்ணிக்கைக்கே கட்டுப்பாடு போட்டாங்க, ஊட்டிக்கு வாரநாள்ல 6,000, வாரக்கடைசியில 8,000, கொடைக்கானலுக்கு 4,000, 6,000. ஒரு தேதிக்கு முன்ன, ஒரு தேதிக்கு பின்னன்னு கோடு போட்டு ஒப்பிட முடியுற விஷயம் ஆராய்ச்சியில லேசுல கிடைக்காது, நமக்கு வாசல்ல வந்து விழுந்திருக்கு. ஹோம்ஸ்டே, வர்க்கி கடை, டாக்ஸி ஸ்டாண்டு இதுல ஒண்ணை மட்டும் எடுங்க, மூணையும் எடுத்தா மூணுலயும் ஆழம் போகாது.

புவிசார் குறியீடும் உண்டு, தோடர் எம்பிராய்டரிக்கு 2013, கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019. குறியீடு வந்தப்புறம் கூடின விலை பின்னுறவங்க கைக்கு போச்சா கடைக்காரங்க கைக்கு போச்சான்னு கேக்கலாம்.

கேள்வி கிடைச்சதும் சோத்கங்கான்னு ஒரு தளம் இருக்கு, இந்திய பிஎச்டி தீசிஸ் எல்லாம் இலவசமா கிடைக்கும், அதுல தேடுங்க. உங்க தலைப்பு ஏற்கனவே இருந்தா பதறாதீங்க, அதோட கடைசி அத்தியாயத்துல "இனி செய்ய வேண்டியவை"ன்னு அவங்களே எழுதி வச்சிருப்பாங்க, அங்கிருந்து புடிச்சுக்கலாம்.

5. கைடு தேடுறது

யுனிவர்சிட்டி தளத்துல அங்கீகரிச்ச கைடுங்க லிஸ்ட் இருக்கும். அதுல பேரு இருந்தா மட்டும் போதாது, இடம் காலியா இருக்கணும். ஒரு ப்ரொபசர் ஒரே நேரத்துல 8 பேரு, அசோசியேட் 6 பேரு, அசிஸ்டென்ட் 4 பேரு, அவ்வளவுதான் வச்சுக்கலாம். இதுல அசிஸ்டென்ட் ப்ரொபசர்னா பிஎச்டி, அஞ்சு வருஷ அனுபவம், மூணு கட்டுரை இருந்தா தான் கைடாவே ஆக முடியும்.

எல்லாத்துக்கும் மேல அவரு ரிடையர்மென்ட் தேதி. மூணு வருஷத்துக்குள்ள ஓய்வு பெறுறவங்க புது ஸ்காலரை எடுக்கக்கூடாதுன்னு இப்ப ரூல் இருக்கு. எனக்கு முதல்ல சரின்னு சொன்ன சாருக்கு ரெண்டு வருஷம் தான் மிச்சம் இருந்துச்சு, அவரும் சொல்லல, எனக்கும் கேக்கணும்னு தோணல, எட்டு மாசம் அவரு பின்னாடி அலைஞ்சதுக்கு அப்புறம் ஆபீஸ்ல ஒரு கிளார்க் அம்மா தான் "அவரு உன்னை எடுக்க முடியாதும்மா"ன்னு சொன்னாங்க. மரியாதைக்குறைவா இருக்குமோன்னு நினைச்சு கேக்காம விட்டதுக்கு விலை எட்டு மாசம்.

மெயில் போடும்போது ஒரே மெயிலை முப்பது பேருக்கு தட்டாதீங்க, அவங்களுக்கு தெரிஞ்சுடும், ஒரே டிபார்ட்மென்ட்ல பக்கத்து பக்கத்து சீட்ல உக்காந்திருக்காங்க. அவரு எழுதின ரெண்டு கட்டுரையை படிச்சுட்டு, உங்க கேள்வி என்ன, எண்ணு எங்கிருந்து எடுப்பீங்க, ஃபுல் டைமா பார்ட் டைமான்னு ஒரு பக்கத்துல எழுதுங்க. ரெண்டு வாரத்துல பதில் வரலன்னா நேர்ல போங்க, போறதுக்கு முந்தி டிபார்ட்மென்ட்டுக்கு போன் பண்ணி சார் இருக்காரான்னு கேட்டுட்டு பஸ் ஏறுங்க. பேப்பர் திருத்துற சமயத்துல போகாதீங்க, அப்ப யாருக்கும் பொறுமை இருக்காது.

சரின்னு சொல்றதுக்கு முந்தி அவருகிட்ட ஏற்கனவே படிச்ச ரெண்டு பேருகிட்ட பேசுங்க. எத்தனை வருஷம் ஆச்சு, ஒரு அத்தியாயம் குடுத்தா எத்தனை நாள்ல திருத்தி தருவாரு, பாதியில விட்டவங்க எத்தனை பேரு? வீட்டு வேலை வாங்குறது, கவர் எதிர்பாக்குறதுன்னு பேச்சு வந்தா அங்க போகாதீங்க. பெரிய பேரு இருக்கிறவரை விட போன் எடுக்கிறவரு மேல், மலையில இருந்து போறவங்களுக்கு இதுதான் முக்கியம்.

6. நெட், இல்லன்னா நுழைவுத் தேர்வு

2024 ஜூன் பரீட்சையில இருந்து நெட் ரிசல்ட் மூணு வகையா வருது: ஜேஆர்எஃப் (ஜூனியர் ரிசர்ச் ஃபெல்லோஷிப்), உதவிப் பேராசிரியர் தகுதியோட பிஎச்டி, பிஎச்டி மட்டும். பின்ன ரெண்டு வகைக்கும் நெட் மார்க்குக்கு 70, இன்டர்வியூவுக்கு 30ன்னு போட்டு சேத்துக்கலாம், ஆனா அந்த மார்க் ஒரு வருஷம் தான் செல்லும். இதனால தான் கைடை முதல்ல பாருங்கன்னு சொல்றேன், பாஸ் பண்ணிட்டு அப்புறம் கைடு தேட ஆரம்பிச்சா அந்த ஒரு வருஷம் தேடுறதுலயே ஓடிடும். ஜேஆர்எஃப் வாங்கினா மூணு வருஷம் செல்லும், கொஞ்சம் மூச்சு விடலாம்.

காமர்ஸ் கோடு 08, மேனேஜ்மென்ட் கோடு 17. ஃபார்ம்ல இதை மாத்தி போட்டவங்களையும் பாத்திருக்கேன். மூணு மணி நேரத்துல 150 கேள்வி, 300 மார்க், நெகட்டிவ் கிடையாது, அதனால ஒண்ணையும் விடாம போடுங்க. முதல் தாள் 50 கேள்வியை எல்லாரும் "அது ஜெனரல் தானே"ன்னு விட்டுடுவாங்க, கட்ஆஃப்ல கோட்டை விடுறது அங்கதான்.

சென்டர் கோயம்புத்தூர்ல விழுந்து காலை ஷிப்டுன்னா முந்தின நாளே இறங்கிடுங்க. முதல் பஸ் புடிச்சு போயிடலாம்னு நினைச்சு பர்லியார்ல யானை நின்னதுல மாட்டி கேட் மூடினப்புறம் போன பொண்ணு ஒருத்தி எனக்கு தெரியும்.

சில பல்கலைக்கழகம் தனியா நுழைவுத் தேர்வு வைக்கும், அதுல பாதி ஆராய்ச்சி முறை, பாதி பாடம், பாஸாக 50 சதவீதம், இடஒதுக்கீட்டு பிரிவுக்கு 45.

7. ப்ரபோசலும் இன்டர்வியூவும்

அஞ்சு, ஆறு பக்கம் போதும். என்ன கேள்வி, இதுவரைக்கும் யார் என்ன சொல்லியிருக்காங்க, எங்க ஓட்டை இருக்கு, யாருகிட்ட எப்படி டேட்டா எடுப்பீங்க, எந்த மாசத்துல எதை முடிப்பீங்க. அதிகமா நடக்குற தப்பு, முதல் மூணு பக்கம் தேயிலை இந்தியாவுக்கு எப்படி வந்துச்சுன்னு எழுதுறது. போர்டுல உக்காந்திருக்கிறவங்க அதை படிக்க மாட்டாங்க, நேரா மெத்தடாலஜிக்கு போவாங்க.

அங்க எத்தனை பேருகிட்ட டேட்டா எடுப்பீங்கங்கறதுக்கு 384ன்னு எழுதியிருந்தா உடனே "ஏன் 384?"ன்னு கேப்பாங்க. கிரெஜ்சி, மார்கன் 1970ல போட்ட டேபிள்ல இருந்து வர்ற எண்ணு அது, பெரிய கூட்டத்துல இருந்து குலுக்கல் மாதிரி ஆளை எடுத்தா தான் பொருந்தும். நீங்க பத்து ஹட்டிக்கு (படுகர் ஊருக்கு) போய் வீட்டுல இருக்கிறவங்களை எடுத்தா அது குலுக்கல் கிடையாது. எண்ணு எதுவா இருந்தாலும் பரவாயில்ல, ஆறு தாலுகாவுல எதெது, ஒவ்வொண்ணுலயும் எத்தனை ஊரு, எப்படி தேர்ந்தெடுத்தீங்கன்னு காரணம் சொல்லத் தெரிஞ்சா போதும்.

8. காசு

ஜேஆர்எஃப்னா முதல் ரெண்டு வருஷம் மாசம் 37,000, அப்புறம் 42,000, 2023 ஜனவரியில இருந்து இதுதான் கணக்கு. எஸ்சி, எஸ்டி, ஓபிசி மாணவர்களுக்கு தனித்தனியா தேசிய ஃபெல்லோஷிப் இருக்கு. தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் பிள்ளைங்க எஸ்டி ஃபெல்லோஷிப்பை கண்டிப்பா போட்டுப் பாருங்க. தமிழ்நாடு அரசும் ஆதிதிராவிடர், பழங்குடியினர் ஃபுல் டைம் ஸ்காலருக்கு வருஷத்துக்கு 1 லட்சம் ஊக்கத்தொகை குடுக்குது. ஐசிஎஸ்எஸ்ஆர் (இந்திய சமூக அறிவியல் ஆராய்ச்சி கவுன்சில்) டாக்டரல் ஃபெல்லோஷிப் சமூக அறிவியலுக்குன்னு பேரு இருக்கிறதால காமர்ஸ் ஆளுங்க தள்ளி நிக்கிறாங்க, காமர்ஸும் மேனேஜ்மென்ட்டும் அதுல வரும். ஜேஆர்எஃப் தவிர இதுல நிறைய ரிஜிஸ்டர் ஆனப்புறம் போடுறது, அதனால ரிஜிஸ்ட்ரேஷன் லெட்டர் வந்த அன்னிக்கே நாலு ஜெராக்ஸ் எடுத்து வைங்க.

9. முதல் வருஷம்

கோர்ஸ் ஒர்க் குறைஞ்சது 12 கிரெடிட், அதுல ஆராய்ச்சி நெறிமுறை பேப்பர் கட்டாயம், 55 சதவீதம் எடுக்கலன்னா தீசிஸ் பக்கமே போக முடியாது. பார்ட் டைம் ஆளுங்க "பாத்துக்கலாம்"னு தள்ளிப் போடுவாங்க, போடாதீங்க. ஆறு மாசத்துக்கு ஒரு தடவை கமிட்டி முன்னாடி உக்காந்து என்ன பண்ணீங்கன்னு சொல்லணும். வேலை ஆகலன்னாலும் போங்க, ஆகலன்னு சொல்றதுக்காவது போங்க, ரெண்டு தடவை போகாம விட்டுட்டு அப்புறம் எக்ஸ்டென்ஷன் கேட்டு நிக்கிறது கஷ்டம்.

புள்ளிவிவரம் போடுற மென்பொருளை இப்பவே பழகுங்க. ஜமோவி, ஜாஸ்ப், ஆர் மூணும் இலவசம், திருட்டு எஸ்பிஎஸ்எஸ் போட்டு லேப்டாப்ல வைரஸ் ஏத்திக்க வேண்டாம். மேற்கோளுக்கு ஜோடெரோ. நான் நாலாவது வருஷத்துல தான் ஜோடெரோ போட்டேன், அதுக்கு முந்தின 140 ரெஃபரன்ஸையும் மறுபடி கையால அடிச்சேன், அந்த ரெண்டு வாரத்தை நினைச்சா இன்னும் விரல் வலிக்குது. அரசு காலேஜ்ல இருக்கிறவங்க 2025 ஜனவரியில வந்த ஒன் நேஷன் ஒன் சப்ஸ்கிரிப்ஷன் உங்க காலேஜுக்கு ஆக்டிவா இருக்கான்னு லைப்ரரியன்கிட்ட கேளுங்க, இருந்தா ஆயிரக்கணக்குல வெளிநாட்டு ஜர்னல் இலவசமா திறக்கும்.

10. ஃபீல்டு ஒர்க்: மலையோட காலண்டரைப் பாத்து போங்க

கீழ்நாட்டு கைடு "மே லீவுல டேட்டா எடுத்துடும்மா"ன்னு சொல்லுவாரு. மே மாசம் இங்க ஹோட்டல்காரரு உங்களை ஏறெடுத்தும் பாக்க மாட்டாரு, ஊட்டி ரோட்டுல வண்டி நகராது, கொழுந்தும் அப்பதான் நிறைய வரும். ஜூன்ல இருந்து ஆகஸ்ட் வரைக்கும் தென்மேற்கு மழை கூடலூர், பந்தலூர், குந்தா பக்கம் கொட்டும். அக்டோபர்ல இருந்து டிசம்பர் வரைக்கும் வடகிழக்கு மழை, அப்ப குன்னூர், கோத்தகிரி பக்கம் மண்சரியும். டிசம்பர் கடைசி, ஜனவரியில படுகர் பண்டிகை ஹெத்தை ஹப்பம், ஹட்டியில எல்லாரும் இருப்பாங்க, ஆனா உங்க ஃபார்ம் நிரப்ப இருக்க மாட்டாங்க. அதனால ஜனவரி பாதியில இருந்து மார்ச் வரைக்கும் எல்லா பக்கமும் போகலாம், பனியில கொழுந்து கருகி கிடக்கும், விவசாயிக்கும் நேரம் இருக்கும். ஜூலை, ஆகஸ்ட்ல கோத்தகிரி பக்கம் மட்டும் ஓட்டலாம். ப்ரபோசல்ல டைம்டேபிள் போடும்போதே இந்தக் காரணத்தை எழுதிடுங்க, கமிட்டிக்கு புடிக்கும்.

வீடு வீடா போறதை விட சாயங்காலம் கொழுந்து எடை போடுற இடத்துக்கு போங்க. லாரி வர்ற வரைக்கும் மூட்டையோட எல்லாரும் சும்மா தான் நிப்பாங்க. ஆனா ஏஜென்ட் பக்கத்துல நிக்கும்போது ஏஜென்ட் பத்தி கேக்காதீங்க, அந்த கேள்வியை மட்டும் ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு போய் கேளுங்க. நான் முதல் நாற்பது ஃபார்ம்ல "ஏஜென்ட் மேல முழு திருப்தி"ன்னு வந்ததை பாத்து சந்தோஷப்பட்டேன், அப்புறம் தான் புரிஞ்சுது அவரு என் தோளுக்கு பின்னாடி நின்னுக்கிட்டு இருந்திருக்காரு. நாற்பதையும் தூக்கிப் போட்டேன்.

கேள்வித்தாள் இங்கிலீஷ்ல வேண்டாம். தமிழ்ல போடுங்க, போட்டு அதை இன்னொருத்தரை விட்டு மறுபடி இங்கிலீஷ்ல மாத்தச் சொல்லுங்க, ரெண்டும் ஒத்துப் போகணும். பெரியவங்ககிட்ட படுகு (படுகர் பேசுற மொழி) தெரிஞ்ச ஆளு கூட இருந்தா தான் பேச்சு வரும், கூடலூர் பக்கம் மலையாளமும் வேணும். "உங்க மாத வருமானம் என்ன?"ன்னு நேரா கேட்டா பொய் தான் வரும். எத்தனை ஏக்கர், ஒரு ரவுண்டு பறிச்சா எத்தனை கிலோ, மாசத்துக்கு எத்தனை ரவுண்டு, கடைசி பில்லுல கிலோவுக்கு என்ன போட்டாங்கன்னு கேளுங்க, வருமானத்தை நீங்களே கணக்கு போட்டுக்கலாம்.

"இதை எழுதினா கொழுந்து விலை ஏறுமா?"ன்னு கண்டிப்பா கேப்பாங்க. ஏறாதுன்னு உண்மையை சொல்லிடுங்க, நான் ஆரம்பத்துல மழுப்பினேன், ரெண்டாவது தடவை போனப்ப ஒரு பெரியவர் "போன தடவை சொன்னியே, ஏறலையேம்மா"ன்னு கேட்டாரு, முகத்தை எங்க வச்சுக்கிறதுன்னே தெரியல.

முதல்ல முப்பது பேருகிட்ட ட்ரையல் பாருங்க, குரோன்பாக் ஆல்ஃபா (கேள்விங்க ஒண்ணோட ஒண்ணு ஒத்துப் போகுதான்னு காட்டுற எண்ணு) 0.7க்கு கீழ வந்தா கேள்வியை திருத்துங்க. ஃபார்முக்கு நம்பர் போட்டு அன்னிக்கு ராத்திரியே எக்செல்ல ஏத்துங்க. கூகுள் ஃபார்ம்ல லிங்க் அனுப்பி முடிச்சுடலாம்னு ஆசை வரும், நிரப்புறது எல்லாம் உங்க கிளாஸ் பசங்களா தான் இருப்பாங்க, கொழுந்து பறிக்கிறவங்க யாரும் அதுல இருக்க மாட்டாங்க. அப்புறம் அனாலிசிஸ்ல சதவீதம், கேரட் ரேங்கிங் (பதில்களை வரிசைப்படுத்துற ஒரு முறை)ங்கறதோட நிறுத்தாதீங்க, நம்ம பக்கத்து தீசிஸ்னாலே அதுதான்னு வெளி எக்ஸாமினருக்கு ஒரு நினைப்பு இருக்கு. கேள்விக்கு எது பொருந்துமோ அதைப் போடுங்க.

11. ஜர்னல்ல ஏமாறாதீங்க

தீசிஸ் குடுக்க கட்டுரை கட்டாயம்னு யூஜிசி 2022 ரூல்ஸ்ல இல்ல, ஆனா உங்க யுனிவர்சிட்டி வச்சிருக்கலாம், அதைத்தான் நீங்க பாக்கணும். யூஜிசி கேர் லிஸ்ட்டை (யூஜிசி ஏத்துக்கிட்ட ஜர்னல் பட்டியல்) 2025 பிப்ரவரியில எடுத்துட்டாங்க, இன்னும் "கேர் லிஸ்டட்"னு விளம்பரம் பண்ணி காசு கேக்குறவங்க இருக்காங்க. ஸ்கோபஸ்ங்கற உலக ஆராய்ச்சிக் கட்டுரை தளத்தோட சோர்ஸ் லிஸ்ட்லயோ, ஆஸ்திரேலிய பிசினஸ் டீன்ஸ் கவுன்சில் லிஸ்ட்லயோ பேரை தேடுங்க, தேடிட்டு அந்த லிஸ்ட்ல இருக்கிற லிங்க் வழியாவே ஜர்னல் தளத்துக்கு போங்க, ஏன்னா அதே பேருல போலி தளம் நடத்துறாங்க. நாலு நாள்ல அக்செப்டன்ஸ் வந்தா சந்தேகப்படுங்க. எனக்கு அப்படி ஒண்ணு மூணாயிரம் வாங்கிட்டு கட்டுரையை போட்டுச்சு, அடுத்த வருஷம் தளமே காணோம், கமிட்டியில லிங்க்கை திறக்கச் சொன்னப்ப வெறும் வெள்ளை பக்கம்.

12. தீசிஸ் குடுக்கிறது, வைவா (வாய்மொழித் தேர்வு)

காப்பி செக்கிங் 10 சதவீதத்துக்கு கீழ வரணும். 10ல இருந்து 40 வரைக்கும் வந்தா திருத்தி திரும்ப குடுக்கணும், 40ல இருந்து 60க்கு ஒரு வருஷம் தடை, 60ஐ தாண்டினா ரிஜிஸ்ட்ரேஷனே போயிடும். லிட்டரேச்சர் ரிவியூல தான் நிறைய பேருக்கு எகிறும், கட்டுரையை படிச்சு மூடி வச்சுட்டு எழுதுங்க, திறந்து வச்சுக்கிட்டு எழுதாதீங்க.

ப்ரீ-சப்மிஷன்ல சொல்ற திருத்தத்தை எல்லாம் ஒரு பேப்பர்ல எழுதி, எந்த பக்கத்துல எப்படி மாத்தினீங்கன்னு பட்டியல் போட்டு கைடு கையெழுத்து வாங்குங்க. வெளி எக்ஸாமினர் குறைஞ்சது ரெண்டு பேருக்கு தீசிஸ் போகும், ரிப்போர்ட் வர மாசக்கணக்காகும், அப்பப்ப ஆபீஸுக்கு போன் பண்ணி கேட்டுக்கிட்டே இருங்க.

வைவா தேதி நவம்பர்ல குடுத்தாங்கன்னா முந்தின நாளே மேட்டுப்பாளையம் இறங்கிடுங்க, குன்னூர் ரோடு அடைச்சா கோத்தகிரி ரோடு, அதுவும் அடைச்சா வீட்லயே வைவா தான். மூல ஃபார்ம் நாலஞ்சு கூட எடுத்துட்டு போங்க, என்கிட்ட ஒருத்தர் "இது நிஜமா நீங்களே எடுத்த டேட்டாவா?"ன்னு கேட்டாரு, கொழுந்து கறை படிஞ்ச ஃபார்மை எடுத்து நீட்டினேன், அடுத்த கேள்விக்கு போயிட்டாரு.

முடிஞ்சதும் ப்ரொவிஷனல் சர்டிபிகேட் வாங்கும்போது அதுல "யூஜிசி 2022 விதிகளின்படி வழங்கப்பட்டது"ங்கற வரி இருக்கான்னு கவுன்டர்லயே நின்னு படிங்க. இல்லன்னா அங்கேயே சொல்லி மாத்தி வாங்குங்க, வீட்டுக்கு வந்து பாத்தா மறுபடி மலை இறங்கணும்.